இடுப்பு வலியும் இயக்கச் சிகிச்சையும்

தாராவியில் தோற்பை தைப்பவர் நாள் முழுதும் தரையில் குனிந்து அமர்ந்திருக்கிறார். அங்கிருந்தே விடியற்காலையில் இட்டலிப் பாத்திரத்தைத் தலையில் ஏந்திப் புறப்படுகிறார் மற்றொருவர். மாதுங்காவின் உணவு விடுதிகளில் அண்டா தூக்குவோர் உள்ளனர். செம்பூரிலிருந்து ரயிலில் நெருக்குண்டு சென்று, மாலை வரை நாற்காலியில் அமர்ந்து எழுதுவோரும் உள்ளனர். தொழில் வேறாயினும் இவர்கள் அனைவரையும் வாட்டும் துன்பம் ஒன்றுண்டு; அதுவே இடுப்பு வலி. 2020ஆம் ஆண்டில் உலகில் 61 கோடியே 90 லட்சம் பேர் இவ்வலியால் வருந்தினர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

வேலைக்குச் செல்லாத நாளில் கூலியில்லை என்னும் நிலையில் உள்ளவருக்கு, “எத்தனை நாள் படுத்திருக்க வேண்டும்?” என்ற கேள்வி குடும்பத்தின் உணவைப் பற்றிய கேள்வியுமாகும். இதற்கு மருத்துவம் இன்று கூறும் விடை பலருக்கு வியப்பளிக்கலாம்.

முதலில் நோயின் இயல்பைக் காண்போம். முதுகெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுள்ளன. அவற்றின் இடையே மெத்தை போன்ற வட்டுகள் இருக்கின்றன. இவற்றையே டிஸ்க் என்கிறோம். வட்டின் உட்பொருள் பிதுங்கி அருகிலுள்ள நரம்பு வேரை அழுத்தினால், வலி பிட்டத்தில் தொடங்கித் தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை பாயும். இதற்குச் சயாட்டிகா என்று பெயர். இத்தொடர்பை அமெரிக்க மருத்துவர்களான மிக்ஸ்டரும் பாரும் 1934இல் விளக்கினர். பிதுங்கிய பகுதி பலருக்கு நாளடைவில் தானே சுருங்கிவிடுகிறது. அறுவைச் சிகிச்சை சிலருக்கே தேவைப்படும்.

முன்னாளில் இந்நோயாளிகளை வாரக்கணக்கில் படுத்திருக்கச் சொல்வது வழக்கம். 1986இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று இவ்வழக்கத்தைச் சோதித்தது. சாதாரண இடுப்பு வலிக்கு 2 நாள் ஓய்வு விதிக்கப்பட்டோர், 7 நாள் ஓய்வு விதிக்கப்பட்டோரைவிட 45 விழுக்காடு குறைவான வேலை நாட்களையே இழந்தனர். சயாட்டிகாவைப் பற்றி நெதர்லாந்தில் நடந்த ஆய்வு 1999இல் வெளியாயிற்று. இரண்டு வாரம் படுத்திருக்கச் சொல்லப்பட்டோரிலும், அவ்வாறு சொல்லப்படாதோரிலும், 12 வாரங்களுக்குப்பின் நூற்றுக்கு 87 பேர் தேறியிருந்தனர். நெடுநாட் படுக்கையால் தனிப் பயன் எதுவும் இல்லை என்பது இதனால் புலனாகிறது. மாறாக, தசைகள் தளர்கின்றன, அச்சமும் வளர்கிறது.

உடலை அளவறிந்து இயக்கிக் குணம் காணும் முறையே பிசியோதெரபி. போலியோவால் குழந்தைகள் பலர் கால் விளங்காது வருந்திய காலத்தில், 1950களின் தொடக்கத்தில், இதனைக் கற்பிக்கும் பள்ளி பம்பாய்ப் பரேலில் உள்ள கே. இ. எம். மருத்துவமனையில் நிறுவப்பட்டது. இந்தியாவில் அதுவே முதலாவது. அன்று குழந்தைகளின் கால்களுக்கெனத் தழைத்த இக்கலை, இன்று உழைப்பாளர் இடுப்புக்கும் உதவுகிறது.

நியூசிலாந்தில் மெக்கன்சி என்னும் பிசியோதெரபி நிபுணர், 1956இல் தற்செயலாக ஓர் உண்மையைக் கண்டார். காலில் வலி பரவிய நோயாளி ஒருவர், தலைப்பக்கம் உயர்ந்திருந்த மேசையில் குப்புறப் படுத்தார். முதுகு பின்புறம் வளைந்தவாறு சில நிமிடங்கள் இருந்தபின், கால் வலி நீங்கியிருந்தது. காலில் உள்ள வலி மேலேறி இடுப்பளவில் ஒடுங்குமானால் அது நற்குறி. கீழ்நோக்கிப் பரவுமானால் அப்பயிற்சியை நிறுத்த வேண்டும். வீட்டில் பயிற்சி செய்வோர் இதனை மறத்தல் கூடாது.

குப்புறப் படுத்து முழங்கைகளை ஊன்றி மார்பை உயர்த்துவது பலருக்கு நலம் தரும். ஆயின் முதியோர் சிலருக்கு நரம்பு செல்லும் வழி குறுகியிருக்கும். அவர்களுக்கு முன்குனிதலே சுகம். ஆதலால் பிறருக்குச் சொன்ன பயிற்சியை நாம் மேற்கொள்ளாமல், நிபுணரிடம் காட்டிக் கேட்டறிவது முறை. அனைவருக்கும் பொருந்துவன சில உண்டு. நாள்தோறும் சிறிது நடக்க வேண்டும். அரை மணிக்கொரு முறை எழுந்து நிற்க வேண்டும். சுமையை எடுக்கும்போது முழங்காலை மடக்கி, சுமையை உடலோடு அணைத்துத் தூக்க வேண்டும். படுக்கையிலிருந்து எழுகையில் ஒருக்களித்துத் திரும்பிக் கையை ஊன்றி எழ வேண்டும். நாட்பட்ட இடுப்பு வலிக்கு இடுப்புப் பட்டையையும், எடை கட்டி இழுக்கும் சிகிச்சையையும் உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை.

காலால் பிறந்தவர் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு நீங்கும் என்ற நம்பிக்கை நம்மவரிடையே உண்டு. நரம்பு அழுந்தியுள்ள முதுகை மிதிப்பது ஆபத்து.

சில குறிகள் தோன்றினால் பயிற்சியை நாடலாகாது. சிறுநீர் தடைப்படுதல் அல்லது அறியாமல் கழிதல், மலம் அடக்க இயலாமை, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், பாதம் தூக்க முடியாதவாறு வலிமை குன்றுதல் ஆகியவை கண்டால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். காய்ச்சலோ, காரணமின்றி உடல் மெலிதலோ, கீழே விழுந்த அடியோ சேர்ந்திருந்தாலும் மருத்துவரைக் காணத் தாமதித்தல் கூடாது.

தாராவிக்கு அண்மையில் சயானில் உள்ள லோகமானிய திலகர் மருத்துவமனையும், பரேலில் உள்ள கே. இ. எம். மருத்துவமனையும் மாநகராட்சியைச் சேர்ந்தவை. இரண்டிலும் பிசியோதெரபிப் பிரிவு உண்டு. வலி வந்து பல நாள் படுத்துக் கூலியை இழந்தபின் செல்வதைவிட, தொடக்கத்திலேயே சென்று, தமக்கு ஏற்ற பயிற்சியைக் கற்றுவந்து, நாள் தவறாமல் செய்து வருதல் நலம்.