ஒரே கேள்வியை இருமுறை கேட்பது ஏன்?

மரபியல் மருத்துவப் பிரிவுக்கு முதன்முறையாக வரும் குடும்பத்தார் பலருக்கும் ஓர் ஐயம் எழுவதுண்டு. முதலில் பயிற்சி மருத்துவர் ஒருவர் அமர்ந்து நெடுநேரம் விசாரித்து எழுதிக்கொள்கிறார். பின்னர் மூத்த மருத்துவர் வந்து, அவற்றுள் பலவற்றை மீண்டும் கேட்கிறார். "எங்களை வைத்துப் பாடம் படிக்கிறார்களா?" என்று சிலர் மனம் வருந்துகின்றனர். பயிற்சி நடைபெறுவது உண்மையே. ஆயினும் அந்த முதல் உரையாடலில் எழுதப்படும் குறிப்பே நோயறிதலுக்கு அடித்தளமாகிறது. அது எவ்வாறு உருவாகிறது என்பதை நோயாளிகளும் அறிந்திருத்தல் நன்று.

வம்சாவளிப் படம்

பயிற்சி மருத்துவர் முதலில் வரைவது மூன்று தலைமுறைகளைக் காட்டும் வம்சாவளிப் படம். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கலைந்த கருவுக்குச் சிறு முக்கோணம். நோயுற்றவரின் குறி நிழலிடப்படும். இறந்தவரின் குறிமேல் சாய்கோடு இடப்படும். உறவுமுறையில் மணம் புரிந்த தம்பதியரை இரட்டைக் கோடு இணைக்கும்.

"சொந்தத்தில் திருமணமா?" என்ற கேள்வி யாரையும் குற்றம் சாட்டுவதற்கன்று. அத்தை மகனும் மாமன் மகளும் சராசரியாகத் தம் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகப் பெற்றிருப்பர். தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் அப்பங்கு நான்கில் ஒன்று. அதனால் ஒரே மரபணு மாற்றம் இருவரிடமும் இருப்பதற்கான வாய்ப்பு கூடுகிறது. உறவில் மணந்தோரின் குழந்தைகளுள் பெரும்பாலோர் நலமாகவே பிறக்கின்றனர் என்பதையும் மறத்தலாகாது.

ஒரு சொல்லில் அடங்காத செய்தி

எடுத்துக்காட்டாக ஒரு நிலையைக் கருதுவோம். மீண்டும் கருவுற்றிருக்கும் தாய் ஒருவர், தம் முதல் குழந்தை ஏழாம் மாதத்தில் சளி முற்றி இறந்ததாகக் கூறுகிறார். "நிமோனியா" என்று மட்டும் எழுதி நிறுத்தினால் செய்தி அங்கேயே முடிந்துவிடும். மேலும் கேட்பதற்கே பயிற்சி மருத்துவர் பழக்கப்படுகிறார். குழந்தைக்குக் கழுத்து நின்றதா? கால்களை உதைத்து விளையாடியதா? முகம் பார்த்துச் சிரித்ததா? அழுகுரல் மெலிந்திருந்ததா?

முகம் பார்த்துச் சிரித்த குழந்தைக்குக் கழுத்து நிற்கவில்லை, கைகால்கள் தளர்ந்திருந்தன என்றால், எஸ்.எம்.ஏ. எனப்படும் தசைநார்ச் சிதைவு நோயாக இருக்கலாமோ என்ற ஐயம் எழும். பெற்றோர் இருவரும் அம்மரபணு மாற்றத்தைத் தாங்கியிருந்தால், ஒவ்வொரு முறை கருவுறும்போதும் குழந்தைக்கு அந்நோய் வருவதற்கான வாய்ப்பு 25 விழுக்காடு. பெற்றோரின் இரத்தத்தைச் சோதித்து இதனை அறியலாம். உறுதியானால், கருவின் நிலையைப் பிறப்பதற்கு முன்பே அறியவும் வழியுண்டு. பிறந்த குழந்தைக்கு நோய் இருப்பின், அறிகுறிகள் தோன்றுமுன் தொடங்கும் சிகிச்சையே மிகுந்த பயன் தரும். ஆகவே அந்தத் தாய் நினைவுகூரும் சிறு செய்தியும் அடுத்த குழந்தையின் வாழ்வோடு தொடர்புடையது.

முந்தைய கருச்சிதைவையோ குழந்தையின் இறப்பையோ உறவினர் முன்னிலையில் சொல்லத் தயங்குவது இயல்பே. தனியே பேச விரும்புவதாகத் தெரிவித்தால் போதும். அதற்கு ஏற்பாடு செய்ய வேண்டியது மருத்துவரின் கடமை.

அளப்பதும் எழுதுவதும்

அடுத்து உடற்பரிசோதனை. உயரம், தலைச் சுற்றளவு, கைகளை விரித்த நீளம், கண்களுக்கு இடையேயான தூரம், காதுகளின் அமைப்பு, உள்ளங்கை ரேகைகள், தோலிலுள்ள புள்ளிகள் ஆகிய அனைத்தும் பார்க்கப்படும். தனியோர் அடையாளம் நோயாகிவிடாது. உள்ளங்கையின் குறுக்கே ஒற்றை ரேகை நலமான பலருக்கும் உண்டு. பழுப்புநிறத் தேமல் ஒன்றிரண்டு இருப்பதும் அவ்வாறே. சிறு குழந்தையிடம் 5 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட அளவில் ஆறோ அதற்கு மேலோ இருந்தால்தான் அது நரம்புக் கட்டி நோயின் அறிகுறிகளுள் ஒன்றாகக் கொள்ளப்படும். ஒளிப்படம் எடுக்க வேண்டுமெனில் முன்னதாக உங்கள் ஒப்புதல் பெறப்பட வேண்டும்.

குடும்பத்தார் கூறியது, தாம் கண்டது, தாம் கருதுவது ஆகிய மூன்றையும் கலவாமல் எழுத வேண்டும் என்பது பயிற்சியின் முதற்பாடம். "முகம் இயல்பாக இல்லை" என்று எழுதுவதனால் பயனில்லை. எந்த உறுப்பு எவ்வாறு உள்ளது என்பதே தேவை. இதற்கெனப் பன்னாட்டு வல்லுநர்கள் 2009 ஆம் ஆண்டில் பொதுச் சொற்களை வகுத்து வெளியிட்டனர். சொற்கள் புண்படுத்தவும் கூடும். ஓர் இனத்தாரின் பெயரால் முன்னர் அழைக்கப்பட்ட நிலையே இன்று டவுன் நோய்க்குறி எனப்படுகிறது. மங்கோலிய நாட்டின் வேண்டுகோளுக்குப் பின் உலக சுகாதார நிறுவனம் 1965 இல் பழைய பெயரைக் கைவிட்டது.

மூத்த மருத்துவர் இக்குறிப்பைக் கேட்டறிந்து, ஐயமுள்ளவற்றை மீண்டும் வினவி, தாமே சோதித்த பின்னரே உறுதி செய்கிறார். இரண்டாம் முறை கேட்கும்போதுதான் "பெரியம்மா பேரனுக்கும் இப்படி இருந்ததே" என்ற நினைவு பலருக்கு வருகிறது. ஆய்வகத்துக்கும் இக்குறிப்பு இன்றியமையாதது. மரபணுச் சோதனையில் காணப்படும் மாற்றங்களுள் சில, நோய் தருவனவா அல்லவா எனத் தெளிவாகாதவை. அவற்றின் பொருளை ஆராயும்போது நோயாளியின் உடற்குறிகளும் குடும்ப வரலாறும் துணை நிற்கின்றன.

நீங்கள் செய்யக்கூடியவை

பயிற்சி மருத்துவர் சோதிப்பதை விரும்பாவிடில் மறுக்கலாம். அதனால் சிகிச்சையில் குறை நேரக்கூடாது. உறவினரின் நோய் பற்றி நீங்கள் கூறுவதும் மறைபொருளாகக் காக்கப்பட வேண்டியதே. கருவின் பாலினத்தை மட்டும் யாரும் கேட்கவோ சொல்லவோ இயலாது. 1994 ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தடை செய்கிறது.

வரும்போது பழைய மருத்துவச் சீட்டுகள், இறந்த குழந்தையின் சோதனை முடிவுகள், தாய் சேய் நல அட்டை, உறவினரின் ஒளிப்படங்கள் ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். குடும்பத்து மூத்தோரிடம் முன்னதாகவே கேட்டு வருவது இன்னும் நன்று. வரைந்து முடித்த வம்சாவளிப் படத்தைக் காட்டுமாறு கேளுங்கள். ஒரு பெயரோ வயதோ உறவோ தவறாக இருப்பின் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். பிழையைச் சுட்டுவதற்காக எந்த நல்ல மாணவரும் வருந்தமாட்டார்.