வயதுக் கோளாறு நாய்க்கும் உண்டு!

சில மாதங்களுக்கு முன் உள்ளங்கையில் அடங்கிய குட்டி அது. "மணி" என்று கூப்பிட்டால் உருண்டு ஓடி வரும். இப்போது? கூப்பிட்டால் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறது. பிறகு தன் வழியே போய்விடுகிறது. கொடியில் காயும் கைலியை இழுக்கிறது. பிள்ளையின் பள்ளிச் சப்பாத்தைக் கடித்துக் குதறுகிறது. கேட்டைத் திறந்தால் ஒரே ஓட்டம்! "இந்தச் சனியனை எங்காவது கொண்டுபோய் விட்டுவிட்டு வாங்க" என்று வீட்டுக்காரரிடம் சொல்லத் தோன்றுகிறதல்லவா?

சற்றுப் பொறுங்கள், வாசகர்களே! உங்கள் நாய் கெட்டுப் போகவில்லை. அதற்கு வயது வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நாய்க்கு ஏறத்தாழ ஆறாம் மாதத்தில் வாலிபம் தொடங்குகிறது. சிறிய நாய்கள் ஒரு வயதிலேயே அடங்கிவிடும். பெரிய சாதி நாய்களுக்கு இரண்டு வயதுகூட ஆகலாம். உடம்பு வளர்ந்துவிடுகிறது; புத்தி மெதுவாகத்தான் பின்னால் வருகிறது.

2020-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் நியூகாசல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் லூசி ஆஷரும் அவருடைய குழுவினரும் இதை ஆராய்ந்து வெளியிட்டார்கள். 69 நாய்களிடம் ஐந்தாம் மாதத்திலும் எட்டாம் மாதத்திலும் 'உட்கார்' என்று சொல்லிப் பார்த்தார்கள். எட்டு மாத நாய், வளர்த்தவர் சொன்னபோது முன்போல் கேட்கவில்லை. பழகாத ஒருவர் சொன்னபோது அதே நாய் கேட்டது! பள்ளியில் "தங்கமான பையன்" என்று வாத்தியார் மெச்சுகின்ற பிள்ளை, வீட்டில் அம்மாவை எதிர்த்துப் பேசுவதில்லையா? அந்தக் கதைதான். ஒரு வயதை எட்டியபோது அந்தப் பிடிவாதம் தணிந்திருந்தது என்பதுதான் நமக்கு ஆறுதலான செய்தி.

அடித்தால் திருந்துமா?

'அடியாத மாடு படியாது' என்று பிரம்பைத் தூக்காதீர்கள். காலையில் கடித்த சப்பாத்துக்கு மாலையில் அடி விழுந்தால், எதற்கு அடி என்று நாய்க்குத் தெரியாது. ஓடிப் போய்த் திரும்பி வந்ததை அடித்தால், "வந்தால் அடி" என்றுதான் கற்றுக்கொள்ளும். அடுத்த முறை வராது. மேலும், பிராணியைக் கொடுமை செய்பவருக்கு, 2015-ஆம் ஆண்டு விலங்குகள் நலச் சட்டப்படி 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதமோ, மூன்றாண்டு வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம்.

என்னதான் செய்வது?

நாள் முழுவதும் சங்கிலியில் கட்டிப் போட்டால் தேங்கிய துடிப்பெல்லாம் குரைப்பாக மாறும். காலையில் வேலைக்குப் புறப்படுமுன் கால் மணி நேரம், மாலையில் வெயில் தாழ்ந்தபின் கால் மணி நேரம் கயிற்றில் பிடித்து நடத்துங்கள். பெரிய பிள்ளைகள் மாலை நடையை ஏற்றுக்கொள்ளலாம்.

வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்லுங்கள். அப்பா 'உட்கார்' என்று, அண்ணன் 'சிட்' என்று, தங்கை 'டுடோக்' என்று சொன்னால் அந்த வாயில்லா ஜீவன் எதைப் பிடித்துக்கொள்ளும்? சொன்னபடி செய்ததும் உப்புப் போகக் கழுவிய நெத்திலி ஒன்றைக் கொடுத்துத் தட்டிக் கொடுங்கள்.

கடிக்க ஏதாவது கொடுக்க வேண்டும் என்று பழைய சிலிப்பரைப் போடாதீர்கள். பழையதற்கும் புதியதற்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது! கடைகளில் விற்கும் கெட்டியான ரப்பர் பொம்மை நல்லது. வெந்த கோழி எலும்பு மட்டும் வேண்டாம். அது சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

பெண் நாய் ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் பெரும்பாலும் பருவமடையும். கவனிக்காமல் விட்டால் 63 நாளில் வீடு நிறையக் குட்டிகள்! ஆண் நாயோ துணை தேடித் தெருத்தெருவாக அலையும். கால்நடை மருத்துவரிடம் கேட்டு உரிய காலத்தில் கருத்தடை செய்துவிடுங்கள்.

அக்கம்பக்கத்தையும் நினையுங்கள்

தோட்டத்தில் அவிழ்த்துவிட்டே வளர்த்துப் பழகியிருப்பீர்கள். அம்பாங் போன்ற இடத்தில் தாமானுக்குக் குடிவந்தபின் அது முடியாது. பக்கத்து வீட்டு மலாய் அன்பர்மீது நாயின் எச்சில் பட்டால், அவர் ஏழு முறை, அதில் ஒருமுறை மண் கலந்த நீரால், கழுவ வேண்டியிருக்கும். நாய் துள்ளிப் பாய்வது நமக்கு விளையாட்டு. அவருக்கு அது சங்கடம். கேட்டைப் பூட்டி வையுங்கள். வெளியே போனால் கயிறு கையில் இருக்கட்டும். நகராண்மைக் கழக லைசென்ஸையும் மறக்காதீர்கள்.

1958-இல் தோன்றிய சிலாங்கூர் மிருகவதைத் தடுப்புச் சங்கம் தன் காப்பகத்தை அம்பாங்கில் அமைத்தது. வேண்டாமென்று விடப்பட்ட நாய்களும் அங்கே வந்து சேருகின்றன. செம்பனைக் காட்டோரம் இறக்கிவிடப்படும் நாய்க்கோ அந்தக் கதியும் இல்லை. வீட்டுச் சோறு தின்று வளர்ந்த நாய்க்கு இரை தேடத் தெரியாது; உங்கள் வண்டி போன திசையைப் பார்த்துக்கொண்டே நிற்கும்.

எதிர்த்துப் பேசுகிறான் என்பதற்காகப் பதினைந்து வயதுப் பிள்ளையை யாராவது ரோட்டில் விடுவார்களா? இன்னும் சில மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு பத்து வருடத்துக்கு மேல் உங்கள் வாசலைக் காக்கப் போகிறவன் அவன்!