ஜனக்புரியில் மாரியோ மெதுவாகத்தான் ஓடினான்

ஜனக்புரியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: பழைய வீடியோ கேம் இசையை அடியொற்றி, பாட்டில்லாமல் வெறும் பீட்டாக வரும் ஆல்பங்களில் மெட்டு அதேதான், ஆனால் யாரோ துரத்துகிற மாதிரி ஓடுகிறது. தொண்ணூறுகளில் டிவியில் செருகி விளையாடிய பெட்டியில் இப்படி இல்லையே. பெட்டி மட்டமா, என் ஞாபகம் மட்டமா? இரண்டும் இல்லை. பெட்டி போலிதான், ஆனால் மட்டமில்லை. குற்றம் ஆல்பத்தின் விளம்பரத்தில் இருக்கிறது. 'அசல் 8-பிட் ஒலி' என்கிறார்கள். அந்த எட்டு, கணக்குப் போடும் மூளையின் அகலம். ஒலியின் அளவுக்கு அதில் கிடைப்பது நான்கே பிட், அதாவது 16 படி. அதுகூடப் போகட்டும். அவர்கள் நகலெடுப்பது ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஒலித்த பெட்டியை. மேற்கு டெல்லி வீடுகளில் ஒலித்தது வேறு.

வரலாறு வேண்டும் என்பவர்களுக்காக: நிண்டெண்டோவின் ஃபாமிகாம் 1983-இல் வந்தது. கோஜி கோண்டோ இசையமைத்த சூப்பர் மாரியோ 1985-இல். அதற்கும் ஒரு வருடம் முன்பே ஹருவோமி ஹொசோனோ கேம் இசையை மட்டும் வைத்து ஒரு இசைத்தட்டு போட்டுவிட்டார். எனவே 'புதிய அலை' என்று யாராவது எழுதினால் நாற்பது வருடம் கழித்துக்கொள்ளவும். நம் ஊரில் பெரும்பாலும் புழங்கியவை தைவான் சில்லுகளை வைத்துச் செய்த போலிப் பெட்டிகள். கேசட்டை ஊதிச் செருகினால் ஓடும்.

ஃபாமிகாம் கேம்களில் இசைக்கென்று தனிக் கடிகாரம் பெரும்பாலும் இருக்காது. டிவி திரையில் ஒரு படம் வரைந்து முடிந்ததும் சில்லுக்கு ஒரு தட்டு விழும். அப்போதுதான் நிரல் இசைப் பட்டியலைப் புரட்டி, அடுத்த சுரத்துக்கு முறை வந்துவிட்டதா என்று பார்க்கும். ஜப்பானில் நொடிக்கு 60 தட்டு. நம் டிவி 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை ஒட்டி வடிவமைத்தது, ஆகவே 50. ஓர் அடிக்கு 24 தட்டு என்று எழுதிய மெட்டு டோக்கியோவில் நிமிடத்துக்கு 150 அடி போட்டால், ஜனக்புரியில் 125. மாரியோவும் அதே அளவு சோம்பேறி ஆகிவிடுகிறான் என்பதால் விளையாடுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் சுருதி வேறு கணக்கு. அதைத் தீர்மானிப்பது சில்லின் துடிப்பு. கிரைண்டரை நினைத்துக்கொள்ளுங்கள்: கல் சுற்றும் வேகம் சுருதி, மாவைத் தள்ளிவிடும் கை தாளம். அசலில் கல் நொடிக்குச் சுமார் 17.9 லட்சம் முறை துடித்தது. நிண்டெண்டோ ஐரோப்பாவின் 50 தட்டு டிவிகளுக்கென்று செய்த பெட்டியில் 16.6 லட்சம், லோ வோல்டேஜில் ஓடும் கிரைண்டர் மாதிரி. கேம் செய்தவர்கள் சுருதி அட்டவணையைத் திருத்தாவிட்டால் மெட்டு அரைச் சுரத்துக்கும் மேலே இறங்கிவிடும். போலி செய்தவர்களோ கல்லை 17.7 லட்சத்தில் வைத்தார்கள். சுருதி இறக்கம் அரைச் சுரத்தில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. எப்படிச் சமாளித்தார்கள் என்பதுதான் அழகு. ஜப்பானியப் படத்துக்கு 262 வரி, நம் டிவிக்கு 312. மிச்சமிருந்த 50 வரியை, படம் முடிந்த பிறகு சும்மா நிற்கும் வெற்று வரிகளாகச் செருகி, தட்டையும் அதுவரை தள்ளிவைத்தார்கள். கல் சுற்றிக்கொண்டே இருக்க, கை மட்டும் ஒரு நொடி இடுப்பில். அசல் கம்பெனியைவிடப் போலிக்காரர் அசலுக்கு விசுவாசமாக இருந்த விசித்திரம் இது.

இதே கிரைண்டரில் இன்னொரு கலப்படமும் நடந்தது. சில்லில் மெட்டுக்கென்று இரண்டு சதுர அலைக் குரல்கள். ஒரு சுற்றில் அலை எவ்வளவு நேரம் மேலே நிற்கிறது என்பதுதான் குரலின் குணம்: 12.5, 25, 50, 75 சதவீதம் என நான்கு தேர்வு. 25 என்பது உளுந்து ஒன்றுக்கு அரிசி மூன்று. 50 சரிபாதி. சரிபாதியில் இரட்டைப்படை மேற்சுரங்கள் காணாமல் போய், கீழ்ஸ்தாயிக் கிளாரினெட் மாதிரி உள்ளீடற்ற ஒலி வரும். 25-இல் நாலாவது, எட்டாவது என்று நான்கின் மடங்குகள் மட்டுமே விடுபடும், அதனால் மூக்கால் பாடுகிற கூர்மை. பல போலிச் சில்லுகளில் இந்த 25-உம் 50-உம் டப்பா மாறிவிட்டன. இசையமைப்பாளர் குழைவாகக் கேட்ட இடத்தில் கூர்மையும், கூர்மை கேட்ட இடத்தில் குழைவும் வந்தது. 75 என்றால் உளுந்து மூன்று, அரிசி ஒன்று. இட்லி வாயில் வைக்க முடியாது, ஆனால் காதுக்கு 25-உம் 75-உம் ஒன்றுதான், ஏனெனில் தலைகீழான அலையிலும் மேற்சுரங்களின் அளவு மாறுவதில்லை. மாவு உவமையை இங்கே இறக்கி வைத்துவிடலாம்.

முப்பது வருட ஞாபகத்தை வைத்து வேகத்தை அளப்பதா என்று கேட்கலாம். லெவிட்டினும் குக்கும் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், தெரிந்த பாட்டுகளை ஞாபகத்திலிருந்து பாடச் சொன்னார்கள். 72 சதவீத முயற்சிகள் அசல் வேகத்திலிருந்து 8 சதவீதத்துக்குள் விழுந்தன. சிறு வயது கேமுக்கு அதை அப்படியே நீட்ட முடியாதுதான். ஆனாலும் இங்கே இடைவெளி 17 சதவீதம், அதனால் வாசகரின் காதைச் சந்தேகிக்க எனக்குத் துணிவில்லை. எல்லாப் பெட்டியும் ஒன்றல்ல என்பதும் உண்மை. டப்பா மாறாத சில்லுகளும் இருந்தன, ஆனால் நம் டிவிக்கென்று செய்த பெட்டி எதுவானாலும் 50 தட்டிலிருந்து தப்பவில்லை. கலைஞன் அசலைத்தான் பின்பற்ற வேண்டுமா? வேண்டாம். எந்த வேகத்திலும் பீட் போடலாம், அட்டையில் 'அசல்' என்று அச்சடிக்காதவரை.

கேட்டுப் பார்க்க ஆசைப்பட்டால் ஆல்பம் வாங்க வேண்டியதில்லை. மெசென் போன்ற இலவச எமுலேட்டரில் சதுர அலை டப்பாக்களை மாற்றிப்போட ஒரு தேர்வே இருக்கிறது. எந்த ஊர்ப் பெட்டி என்ற இடத்தில் அமெரிக்கா–ஜப்பான் முறை, ஐரோப்பிய முறை இரண்டையும் விட்டுவிட்டு 'டெண்டி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ரஷ்யாவில் 1992-இல் விற்பனைக்கு வந்த ஒரு போலியின் பெயர் அது. அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. ஆனால் டெண்டி பெட்டியின் சின்னம் ஒரு யானைக்குட்டி.