பழைய எஞ்சின், புதிய கட்டுப்பாடு

1960களில் இங்கிலாந்தில் விற்பனையான மாதிரி நீராவி எஞ்சின்கள் பல இன்றும் வீடுகளில் பேணப்படுகின்றன. உண்மையான எஞ்சினின் 76இல் ஒரு பங்கு நீளமே கொண்ட இவற்றுள் நீராவி இல்லை. சிறிய மின்மோட்டாரே சக்கரங்களைச் சுழற்றுகிறது.

பழைய முறையில், தண்டவாளத்திற்கு அளிக்கும் மின்னழுத்தத்தைக் கூட்டினால் எஞ்சின் விரையும், குறைத்தால் தளரும். ஒரே பாதையில் இரண்டு எஞ்சின்கள் நின்றால், இரண்டும் ஒருசேர நகரும். டிஜிட்டல் முறையில் இக்குறை இல்லை. தண்டவாளத்தில் எப்போதும் ஒரே அளவு மின்னழுத்தம் இருக்கும். அதனுடன் கட்டளைகளும் குறியீடுகளாகச் செல்லும். எஞ்சினுள் பொருத்தப்படும் 'டிகோடர்' என்னும் சிறிய மின்சுற்றுப் பலகை, தன் எண்ணுக்குரிய கட்டளையை மட்டும் ஏற்று மோட்டாரை இயக்கும்.

டிகோடரின் சிவப்பு, கறுப்புக் கம்பிகள் தண்டவாளத்திலிருந்து மின்சாரத்தைப் பெறும். ஆரஞ்சு, சாம்பல் நிறக் கம்பிகள் அதனை மோட்டாருக்கு வழங்கும். ஆனால், பழைய எஞ்சின்கள் பலவற்றில் மோட்டாரின் ஒரு முனை உலோகச் சட்டத்தைத் தொட்டிருக்கும். அச்சட்டமோ ஒருபக்கச் சக்கரங்களின் வழியே தண்டவாளத்துடன் இணைந்திருக்கும். அந்நிலையில் டிகோடரைப் பொருத்தி மின்சாரம் செலுத்தினால் அது நொடியில் கருகிவிடக்கூடும். ஆகவே, மோட்டாரின் இரு முனைகளையும் சட்டத்தைத் தொடாதவாறு மின்காப்பிட்டுப் பிரிப்பதே முதற்பணியாகும். அவை பிரிந்துள்ளதை மல்டிமீட்டரால் உறுதிசெய்த பின்னரே கம்பிகளை இணைத்தல் வேண்டும்.

பொறுமையுடன் இதனைச் செய்து முடித்தால், தாத்தா ஓட்டி மகிழ்ந்த எஞ்சின் பேத்தியின் கட்டளைக்கும் பணிந்து ஓடும்.