செதுக்கிய மழை

நனையாமல் பார்க்க எனக்குப் பிடித்த மழை இது. 1857-ல் ஜப்பானியர் ஹிரோஷிகே வரைந்தது. எடோவில், அதாவது இன்றைய டோக்கியோவில், சுமிதா நதி மேல் மரப்பாலம்; திடீர்க் கோடைமழை. ஜனங்கள் குனிந்து ஓடுகிறார்கள், ஆபீஸ் விட்ட நம்மைப் போலவே!

விஷயம் அதுவல்ல சார். அந்த மெல்லிய மழைக்கோடுகள் தூரிகை இழுத்தவை அல்ல. செர்ரி மரப்பலகையில் கோடுகளை மட்டும் விட்டுவிட்டு, மிச்சத்தையெல்லாம் செதுக்கித் தள்ளணும். உளி பிசகினால் ஒரு தாரை அவுட்! இப்படி இரண்டு பலகைகள்; இரண்டு சாய்வில் மழை.

1887-ல் வான்கா இதைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். எனக்கென்னவோ அவர் மழை கொஞ்சம் தடிமன்தான்.

எல்லோரும் ஹிரோஷிகேவைப் புகழட்டும். என் சலாம் அந்த உளிக்காரருக்கு. வானம் ஓவியருடையது, பெய்ய வைத்தது இவர்தானே!