மீனின் செதில் சொன்ன செய்தி

நார்வே நாட்டின் மேற்குக் கரையில் வாழ்ந்த மக்களுக்குக் கடலே கழனி. ஹெர்ரிங் என்னும் மீனே அதன் விளைச்சல். நம் நாட்டுச் சாளை மீனுக்கு உறவான அம்மீன் சில காலம் கரையோரமெங்கும் திரள்திரளாக வந்து குவியும். பின்னர்ப் பல ஆண்டுகள் கண்ணிற் படாமலே மறையும். மீன் வந்த காலத்தில் ஊர்கள் செழித்தன. வராத காலத்தில் வறுமை சூழ்ந்தது. இம்மாற்றத்திற்குக் காரணம் யாது? மீன்கள் வேறு கடலுக்குச் சென்றுவிட்டன என்றே பலரும் கருதி வந்தனர். அக்கருத்தை மாற்றியமைத்த விஞ்ஞானி யோஹான் யோர்ட் என்பவர்.

இவர் 1869-ஆம் ஆண்டு, இன்று ஆஸ்லோ என வழங்கும் நகரிற் பிறந்தார். முதலில் மருத்துவம் பயின்றார். பின்னர் விலங்கியலில் உள்ளம் ஈடுபட, ஜெர்மனியின் மூனிச் நகரில் 1892-இல் டாக்டர் பட்டம் பெற்றார். தாய்நாடு திரும்பியபின் 1900 முதல் ‘மைக்கேல் சார்ஸ்’ என்னும் ஆராய்ச்சிக் கப்பலில் கடலை ஆராய்ந்தார். 1910-இல் சர் ஜான் மர்ரே என்னும் அறிஞருடன் அதே கப்பலில் வட அட்லாண்டிக் சமுத்திரத்தின் ஆழங்களையும் துருவிப் பார்த்தார்.

எனினும், அவருடைய தலைசிறந்த கண்டுபிடிப்புக்குத் துணைநின்றது மீனின் சிறு செதிலே. குளிர்காலத்தில் மீனின் வளர்ச்சி தளர்வதால், மரத்தின் வளையம் போலச் செதிலில் ஒரு கோடு பதிகிறது. அக்கோடுகளை எண்ணினால் மீனின் வயது புலனாகும். யோர்ட்டும் அவருடைய உதவியாளர்களும் பல்லாயிரம் செதில்களை உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பொறுமையுடன் எண்ணினர். அதன் விளைவு வியப்பூட்டியது. 1910-இல் பிடிபட்ட ஹெர்ரிங் மீன்களில் பாதிக்கு மேற்பட்டவை 1904-ஆம் ஆண்டு பிறந்தவை! அதன் பின்னரும் பல ஆண்டுகள் அந்த ஒரு தலைமுறையே வலைகளை நிரப்பி வந்தது.

இதனை ஒரு பள்ளியைக் கொண்டு விளக்கலாம். ஓர் ஆண்டில் மட்டும் முதல் வகுப்பில் முந்நூறு பிள்ளைகள் சேர்ந்தனர். மற்ற ஆண்டுகளில் முப்பது பேரே சேர்ந்தனர் எனக் கொள்வோம். அந்தப் பெருங்கூட்டம் ஆண்டுதோறும் ஒரு வகுப்பு மேலேறிச் செல்லும். அது இருக்கும் வரையில் பள்ளி நிறைந்திருக்கும், வெளியேறியதும் வெறிச்சோடிவிடும். மீன்வளத்தின் ஏற்றத்தாழ்வும் இத்தகையதே.

அங்ஙனமாயின், ஓர் ஆண்டின் குஞ்சுகள் மட்டும் பெருவாரியாகப் பிழைப்பது ஏன்? 1914-இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில் யோர்ட் இதற்கு ஒரு விளக்கம் கூறினார். முட்டையினின்று வெளிவந்த குஞ்சு முதலில் தன் உடலோடு ஒட்டிய மஞ்சட்கருவை உண்டு வாழ்கிறது. அது தீர்ந்தவுடன், நீரில் மிதக்கும் நுண்ணுயிர்கள் அதற்கு உணவாகக் கிடைத்தல் வேண்டும், கிடைக்காவிடில் மடியும். நீரோட்டம் குஞ்சுகளைத் தகாத இடத்திற்கு அடித்துச் செல்லுதலும் உண்டு. எனவே, இடப்படும் முட்டைகளின் தொகை மட்டுமன்றி, குஞ்சுகளின் முதற்சில நாட்களும் மீன்வளத்தை முடிவு செய்கின்றன என்றார். பகை உயிர்கள், கடல்நீரின் வெப்பம் முதலியனவும் இதிற் பங்குகொள்வதைப் பின்வந்தோர் கண்டனர்.

1921 முதல் பேராசிரியராகப் பணியாற்றிய யோர்ட், திமிங்கில வேட்டையையும் ஆராய்ந்தார். ஓர் உயிரினம் குன்றாதவாறு எவ்வளவு பிடிக்கலாம் என்பதைக் கணிதத்தால் அறிய முயன்றார். 1948-இல் அவர் மறைந்தார்.

அவர் எழுப்பிய அந்த வினாவின் அருமையை அவருடைய நாடே பின்னர் உணர நேர்ந்தது. 1960-களில் புதிய கருவிகளைக் கொண்டு ஹெர்ரிங்கை அளவின்றி வாரியதால், அப்பத்தாண்டின் இறுதியில் அவ்வினம் அழிவின் விளிம்பை எட்டியது. கடுங்கட்டுப்பாடுகள் வந்தன, 1983-இல் பிறந்த வலிய தலைமுறை ஒன்று தப்பி வளர்ந்த பின்னரே வளம் மீளலாயிற்று.

குஞ்சுகள் பிழைக்கும் நல்லாண்டு எப்பொழுது வரும் என்பது நம் கையில் இல்லை. அது வரும்பொழுது முட்டையிடத் தாய்மீன்களை விட்டுவைத்தல் நம் கையில் உள்ளது. விதைநெல்லையும் உண்டு தீர்த்தவனுக்கு மழை பெய்து பயன் என்ன?