விளக்கை அணைத்த பிறகும் ஒரு பக்கம்

இரவு பதினொரு மணி. "இன்னுமா லைட்டை அணைக்கல?" என்று பக்கத்தில் படுத்திருப்பவர் இரண்டாம் முறை கேட்டுவிட்டார். கதையிலோ கொலையாளி யாரென்று தெரிய இன்னும் நாற்பது பக்கம் இருக்கிறது. கைபேசியில் படிக்கலாமென்றால் முகத்தில் டார்ச் அடித்ததுபோல் கண் கூசுகிறது. நடுவில் வாட்ஸப் வேறு கூப்பிடும். இந்த நேரத்துக்குத் தோதான கருவி ஈ-ரீடர் எனப்படும் மின்வாசிப்பான். எதை வாங்குவது, எவ்வளவுக்கு வாங்குவது என்று பார்ப்பதற்கு முன் அதன் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிடுவோம். எதற்குக் காசு கொடுக்கலாம், எதற்கு வேண்டாம் என்பது அங்கேதான் விளங்கும்.

அதன் திரையில் தெரியும் எழுத்து நிஜமான மை. திரைக்குள் ஒரு மெல்லிய படலம். அதில் நெருக்கியடித்து நிற்கின்றன பல இலட்சம் நுண்குமிழ்கள். ஒவ்வொன்றும் தலைமுடியின் தடிமன் அளவுதான். குமிழுக்குள் தெளிந்த திரவம், அதில் மிதக்கும் வெள்ளைத் துகள்கள், கறுப்புத் துகள்கள். வெள்ளைத் துகள் டைட்டானியம் டையாக்சைடு. சுவருக்கு அடிக்கும் வெள்ளை பெயின்ட்டில் இருப்பதும் அதுதான். இரண்டு நிறத்துக்கும் எதிரெதிர் மின்னூட்டம் ஏற்றியிருப்பார்கள். சுமார் 15 வோல்ட், அதாவது பத்துப் பென்சில் பேட்டரிகளை வரிசையாகக் கோத்தால் வரும் மின்னழுத்தம் கொடுத்தால் போதும். ஒரு நிறம் மேலே வரும், மற்றது அடியில் இறங்கும். மின்சாரத்தின் திசையை மாற்றினால் இடமும் மாறும். கறுப்பு மேலே வந்த இடங்களெல்லாம் சேர்ந்து எழுத்தாகின்றன. இதற்குப் பெயர் மின்மை.

மையைக் குமிழில் அடைக்கும் வித்தை நம் கடைத்தெருவுக்கு ஏற்கெனவே பழக்கம். சில கடைகளின் பில் புத்தகத்தில் கார்பன் தாள் வைக்காமலே அடித்தாளில் எழுத்து பதியும். மேல்தாளின் பின்புறம் பூசிய நுண்குமிழ்கள் பேனா அழுத்தத்தில் உடைந்து நிறம் காட்டுவதால் நடப்பது அது. அங்கே குமிழ் ஒரே ஒருமுறை உடைந்து தன் வேலையை முடித்துக்கொள்கிறது. உடையாமல் ஆயிரமாயிரம் முறை நிறம் மாறும் குமிழ் வேண்டுமென்று 1990களில் முனைந்தார் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் ஜோசப் ஜேக்கப்சன். அவருடன் சேர்ந்து அதைச் செய்து காட்டிய பாரெட் காமிஸ்கி, ஜே.டி. ஆல்பர்ட் இருவரும் அப்போது இளநிலைப் பட்டப்படிப்பு மாணவர்கள். 1997இல் ஈ இங்க் நிறுவனம் பிறந்தது. 2004இல் மின்மைத் திரை கொண்ட சோனியின் லிப்ரியே மின்வாசிப்பான் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 2007இல் வந்த முதல் கிண்டில் மின்வாசிப்பானின் விலை 399 டாலர். 2024இல் வந்த அடிப்படைக் கிண்டில் 110 டாலர்தான்.

இந்த 110 டாலர் கருவியின் ஆறு அங்குலத் திரையில் ஓர் அங்குலத்துக்கு 300 படப்புள்ளிகள். ஒரு புள்ளியின் அகலம் 0.085 மில்லிமீட்டர். பக்கம் முழுவதற்கும் சுமார் பதினைந்தரை இலட்சம் புள்ளிகள். குமிழும் புள்ளியும் ஏறத்தாழ ஒரே அளவு என்றால் எழுத்தின் ஓரம் கரடுமுரடாகத் தெரிய வேண்டுமே? தெரியாது. ஒரே குமிழின் பாதி வெள்ளையாகவும் பாதி கறுப்பாகவும் இருக்க முடியும். அடியில் உள்ள மின்முனை எங்கே இழுக்கிறதோ அங்கே மட்டும் துகள்கள் நகரும். குமிழின் எல்லையைப் பற்றி மின்முனைக்குக் கவலையில்லை. குறைந்த விலைக்குப் பழைய கருவி வாங்குகிறவர்கள் இந்த எண்ணை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். 2019ஆம் ஆண்டின் அடிப்படைக் கிண்டிலில் அங்குலத்துக்கு 167 புள்ளிகள்தான். எழுத்தைச் சிறிதாக்கினால் மூன்று சுழி 'ண'வும் இரண்டு சுழி 'ன'வும் அதில் குழம்பத் தொடங்கும்.

அடுத்தது பேட்டரி. மேலே வந்த துகள் மேலேயே நிற்கும். அதைப் பிடித்து நிறுத்த மின்சாரம் வேண்டாம். பக்கம் புரளும்போது மட்டும் செலவு, படிக்கும்போது மைக்குச் செலவே இல்லை. சார்ஜ் அடியோடு தீர்ந்த கருவியிலும் கடைசிப் படம் அப்படியே தெரிவது இதனால்தான். விளம்பரத்தில் போடும் 'ஆறு வாரம்' என்பதை மட்டும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நாளுக்கு அரை மணி வாசிப்பு, வைஃபை அணைந்திருக்கும், வெளிச்சம் பாதியளவு என்பதெல்லாம் அதன் அடிக்குறிப்பு. 42 நாளை அரை மணியால் பெருக்கினால் 21 மணி நேரம். விடிய விடியப் படிக்கிறவருக்கு ஒரு வாரம்கூட வராது. ஆனாலும் நம் கைபேசியோடு ஒப்பிட்டால் இது பெரிய சிக்கனம்தான்.

பக்கம் புரளும்போது திரை சில சமயம் கறுத்து வெளுத்துச் சிமிட்டும். பழுது என்று பயப்பட வேண்டாம். சிலேட்டை எச்சில் தொட்டு அழித்தால் பழைய எழுத்தின் சாயல் மிஞ்சுமே, அதுபோல் இங்கும் சில துகள்கள் பழைய இடத்திலேயே தங்கிவிடும். எல்லாவற்றையும் ஒருமுறை மேலும் கீழும் விரட்டினால்தான் சிலேட் சுத்தமாகும்.

ஆக, மை விஷயத்தில் மலிவான கருவியும் குறைந்ததல்ல. படுக்கைக்கு வாங்குகிறவர் பார்க்க வேண்டியது வெளிச்சத்தை. தாளைப் போலவே மின்மைக்கும் சொந்த வெளிச்சம் கிடையாது. முதல் கிண்டிலை இருட்டில் படிக்க மேசை விளக்கு வேண்டியிருந்தது. 2012இல்தான் நூக், கோபோ, கிண்டில் ஆகிய மூன்று வகை மின்வாசிப்பான்களிலும் முன்னொளி வந்தது. கைபேசியில் வெளிச்சம் திரையிலிருந்து நேராகக் கண்ணுக்கு வருகிறது. முன்னொளி முதலில் மையின் மேல் விழுந்து, அங்கிருந்து திரும்பி நம்மிடம் வருகிறது.

அது விழும் விதம் அழகு. அடிப்படைக் கிண்டிலில் நான்கே நான்கு எல்.இ.டி. விளக்குகள், சட்டத்தின் ஒரு விளிம்பில் ஒளிந்திருக்கின்றன. மையின் மேல் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தகடு. ஃபைபர் இணைய இழையில் ஓடுவதுபோல் ஒளி அந்தத் தகட்டுக்குள் முட்டி மோதித் தவழ்ந்து போகும். பள்ளிக்கூடத்தில் படித்த முழு அக எதிரொளிப்புதான். தகட்டில் கண்ணுக்குத் தெரியாத பொறிப்புகள் உண்டு. ஒளி அவற்றில் படும்போது கீழே மையை நோக்கித் திரும்பும். விளக்குக்கு அருகில் பொறிப்புகள் குறைவு, தள்ளிப் போகப் போக அதிகம். தலைமடை முழுத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டால் கடைமடை காயும் என்பது வாய்க்கால் பாசனத்தின் பாலபாடம். இங்கும் அதே கணக்கு. வாங்கும்போது அறையை இருட்டாக்கி, விளக்கிருக்கும் விளிம்பை உற்றுப் பாருங்கள். கூம்பு கூம்பாக நிழல் விழுந்தால் பங்கீடு சரியில்லை.

வெளிச்சத்தின் நிறத்துக்கும் ஒரு கதை உண்டு. வெள்ளை எல்.இ.டி. உண்மையில் நீல விளக்கு. அதன்மேல் பூசிய மஞ்சள் பொருள் நீலத்தில் ஒரு பகுதியை மஞ்சளாக்க, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தோன்றும். நம் விழித்திரையிலோ பார்வைக்கான செல்களைத் தவிர, பகலா இரவா என்று மூளைக்குச் சொல்லும் தனிச் செல்களும் இருக்கின்றன. அவற்றின் நிறமி மெலனாப்சின். நீலத்தைக் கண்டால் அதிகம் சிலிர்த்துக்கொள்ளும். இரவிலும் நீலம் பட்டால் 'இன்னும் பொழுது சாயவில்லை' என்று செய்தி போகும். தூக்கத்துக்கு அச்சாரமான மெலடோனின் சுரப்பது தள்ளிப்போகும். அமெரிக்காவின் பாஸ்டனில் பன்னிரண்டு பேரை வைத்து நடந்து 2015இல் வெளிவந்த ஆய்வில், ஒளிரும் கருவியில் படித்தவர்களுக்கு அச்சுப் புத்தகம் படித்த இரவைவிடத் தூக்கம் பிடிக்கப் பத்து நிமிடம் கூடுதலாயிற்று. அந்தக் கருவி மின்மைத் திரை அல்ல. முழு வெளிச்சத்தில் வைத்த ஐபேட். நான்கு மணி நேரம் படித்தார்கள். அதற்காக முன்னொளி முற்றும் சாது என்று சொல்லிவிட முடியாது. எந்த வழியில் வந்தாலும் நீலம் நீலம்தான். வெளிச்சத்தைக் குறைப்பது முதல் மருந்து, நிறத்தை மாற்றுவது இரண்டாம் மருந்து.

இரண்டாம் மருந்துக்காகச் சில கருவிகளில் வெள்ளை விளக்குகளுக்கு நடுவே ஆம்பர் நிற விளக்குகளையும் வைக்கிறார்கள். இரவு ஏற ஏற வெள்ளை மங்கி ஆம்பர் கூடும். பக்கம் பழைய குண்டு பல்பின் கீழ் வைத்ததுபோல் மஞ்சளாகும். 110 டாலர் கிண்டிலில் இது இல்லை. அதே ஆறு அங்குலம், அதே 300 புள்ளிகள் கொண்ட கோபோ கிளாரா பி.டபிள்யூ. 2024இல் 130 டாலருக்கு வந்தது, அதில் இருக்கிறது. அந்த இருபது டாலர் படுக்கையறைக்காகவே கொடுக்கும் விலை. விளக்கு எரியும் அறையில் படிப்பவருக்கு அது தேவையே இல்லை.

தமிழ் படிப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். 'கொசு' என்று தட்டச்சினால் கணினியின் நினைவில் 'க' முதலில், ஒகரக் குறி அடுத்து. திரையிலோ கொம்பு முந்திக்கொண்டு இடப்பக்கம் நிற்க வேண்டும், கால் வலப்பக்கம் போக வேண்டும். இந்த இடமாற்றம் தெரியாத மென்பொருளில் கொம்பு தடுமாறும். முன்பு கிண்டிலில் இந்தத் தொல்லை இருந்ததால் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் குழுவினர் ஆறு அங்குலத் திரைக்கென்றே தனி பி.டி.எஃப். வெளியிட்டார்கள். 2016 டிசம்பரில் கிண்டில் கடை தமிழுக்கும் திறந்தது. 1998 முதல் மதுரைத் திட்டம் சேர்த்துவரும் பழந்தமிழ் நூல்கள் இலவசம். நாட்டுடைமையான கல்கியும் அப்படியே. காசு கொடுக்கும் முன் ஒரு தமிழ்க் கோப்பைத் திறந்து 'கொசு' சரியாக இருக்கிறதா பாருங்கள்.

கடைசிச் சோதனையைக் கடையில் செய்ய முடியாது. மல்லாந்து படுத்து, ஒரு கையால் முகத்துக்கு மேலே பிடித்துப் படிக்க வேண்டும். நாற்பது பக்கத்தில் முப்பத்தைந்தைத் தாண்டும்போது விரல் தளரும். அடிப்படைக் கிண்டிலின் எடை 158 கிராம், கிளாரா 174. அந்தப் பதினாறு கிராம் வித்தியாசத்தை உங்கள் மூக்கு அன்றிரவே சொல்லிவிடும். கொலையாளி யாரென்பது நாளைக்குத்தான்.